மில்வாக்கி ஐரிஷ் ஃபெஸ்ட்: முதல் முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது மில்வாக்கி நகரம். அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது வார இறுதியில் ஐரிஷ் ஃபெஸ்ட் நடக்கிறது. எட் வார்டு என்பவர் முன்னின்று 1981-இல் தொடங்கிய விழா. வியாழன் மாலை ஆரம்பித்து ஞாயிறு இரவு முடியும். உலகத்தில் நடக்கும் ஐரிஷ் விழாக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஏரியை ஒட்டிய ஹென்றி மையர் விழாத் திடல் முழுக்க மேடைகளும் கூடாரங்களுமாக நிறைந்திருக்கும்.

முதல் தடவை போகிறவர்களில் பெரும்பாலானோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நுழைவாயிலைத் தாண்டியதும் சத்தம் எங்கே அதிகமோ அங்கே போய் நிற்கிறார்கள். மின் கிதாரும் டிரம்ஸும் சேர்ந்த கெல்டிக் ராக் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நன்றாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு, ஏதாவது சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த விழாவின் உயிர் சின்னக் கூடாரங்களில் இருக்கிறது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் செஷன், தனிக் குரலில் ஒருவர் பாடும் பழைய பாட்டு, பண்பாட்டுப் பகுதியில் நடக்கும் பேச்சு, யார் வேண்டுமானாலும் கைகோத்து ஆடும் கேய்லி ஆட்டம். இவற்றைத் தேடிப் போகத் தெரிந்துவிட்டால் பெரிய மேடைகூட வேறு மாதிரி கேட்கத் தொடங்கும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் கொஞ்ச நேரம் ஐரிஷ் மரபிசை கேளுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். தயாரில்லாத காதுக்கு எல்லா மெட்டும் ஒன்றுபோலவே கேட்கும். அரை மணி நேரத்தில் அலுப்புத் தட்டிவிடும்.

கர்நாடக இசையோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சுலபம். ஐரிஷ் நடன இசையின் முக்கிய வகைகளைச் சொற்கட்டை வைத்தே பிரித்துவிடலாம். ரீல் என்றால் ‘தகதிமி தகதிமி’ என்று ஓடும். ஜிக் என்றால் ‘தகிட தகிட’ என்று துள்ளும். ஸ்லிப் ஜிக்கில் மூன்று ‘தகிட’ சேர்ந்து ஒரு சுற்று, அதாவது ஒன்பது எண்ணிக்கை. ஹார்ன்பைப் ரீலைப் போலவே நான்கில்தான் போகும், ஆனால் சற்று நிதானமாக, ஆடி அசைந்து வரும். போல்கா இரண்டில் ஓடும். அயர்லாந்தின் கெர்ரி, கார்க் மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதிக்காரர்கள் அதை வாசித்தால் கால் சும்மா இருக்காது.

மெட்டின் அமைப்பும் எளிது. எட்டு அளவு (தாளத்தின் ஒரு சிறு சுற்றுதான் ஓர் அளவு) கொண்ட முதல் பகுதியை இரண்டு தரம் வாசிப்பார்கள். எட்டு அளவு கொண்ட இரண்டாம் பகுதி, அதுவும் இரண்டு தரம். மொத்தம் 32 அளவில் ஒரு சுற்று முடியும். அதைப் பெரும்பாலும் மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்தது ஒரு செட். தாவும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். சுருதி மாறும், வட்டத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்கள், கேட்பவர்களிடமிருந்து ஒரு ‘ஹூப்’ எழும். இரண்டாம் பகுதி எப்போது தொடங்குகிறது என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்தால் காது தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

ராகம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மெட்டுகளில் பெரும் பகுதி சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரஹரப்பிரியா, நடபைரவி ஆகிய நான்கு மேளங்களின் ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடும். கமகம் நம்முடையது போல இராது. அதற்குப் பதிலாக ஒரு ஸ்வரத்தை நொடிக்குள் வெட்டுவதும், மேலும் கீழும் தொட்டுச் சுழற்றுவதும்தான் அலங்காரம். அந்த அலங்காரம் ஊருக்கு ஊர் மாறும். டொனகால்காரர்களின் ஃபிடில் (வயலின்) வில்வீச்சு விறைப்பாகவும் வேகமாகவும் இருக்கும். கிளேர் பக்கத்தில் நிதானம். ஸ்லைகோவின் துள்ளல் நடையை உலகமெங்கும் கொண்டுபோனவர் மைக்கேல் கோல்மன். 1891-இல் பிறந்த இந்த ஃபிடில் கலைஞர் நியூயார்க்குக்குக் குடியேறி, 1920-களில் அங்கே இசைத்தட்டுகள் வெளியிட்டார். அந்தத் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய், அங்கே இருந்தவர்களின் வாசிப்பையே மாற்றிவிட்டன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களுக்குப் பின்னால் உள்ள மேற்கத்திய மெட்டுகளில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளும் இருக்கின்றன. அதனால் விழாவில் எங்கோ ஒரு மெட்டு ஏற்கெனவே கேட்டது போலத் தோன்றினால் வியக்க வேண்டாம்.

வாத்தியங்களில் ஃபிடில் நாம் அறிந்த வயலினேதான். டின் விசில் ஆறு துளை கொண்ட சிறு குழல், விலையும் குறைவு. மரப் புல்லாங்குழல், பொத்தான் அக்கார்டியன், கான்செர்டினா, நான்கு தந்தி பாஞ்சோ, ஹார்ப் ஆகியவை அடிக்கடி தென்படும். பௌரான் என்பது வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய பறை. சிறு குச்சியால் வாசிப்பார்கள், மற்றக் கை உட்புறத்திலிருந்து தோலை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும். பூசூக்கி கிரேக்க வாத்தியம், 1960-களில்தான் ஐரிஷ் இசைக்குள் வந்தது. இவை எல்லாவற்றையும்விட, இலியன் பைப்ஸ் வாசிக்கும் ஒருவரையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்காட்லாந்துப் பை வாத்தியம் போல வாயால் ஊதுவதில்லை. முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியால் காற்றை நிரப்பி, இன்னொரு முழங்கையால் பையை அழுத்தி, விரலால் மெட்டு வாசித்து, மணிக்கட்டால் சாவிகளைத் தட்டி இணைசுருதி சேர்ப்பார்கள். ஒரே ஆள் ஒரு சிறு கச்சேரியே நடத்துவது போல இருக்கும்.

எந்த நாள், எப்படிப் போவது

டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். வாசலில் வாங்குவதைவிட விலை குறைவு. ஒரு நாள் டிக்கெட்டில் அன்றைய மேடைகள் எல்லாவற்றுக்கும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. பை அளவு, குடை, நாற்காலி, வெளி உணவு பற்றிய விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் வாரத்தில் விழாவின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் சனிக்கிழமை போங்கள் என்று பலர் சொல்வார்கள். என் தேர்வு ஞாயிறு. கூட்டம் சனியைவிடக் கொஞ்சம் தளர்ந்திருக்கும், பகல் நிகழ்ச்சிகள் முழுமையாக இருக்கும், கடைசியில் நடக்கும் பெரிய கூட்டு வாசிப்பையும் கேட்கலாம். வியாழனும் வெள்ளியும் மாலையில்தான் சூடு பிடிக்கும். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் வெள்ளி மாலை போய்த் திடலைச் சுற்றிப் பார்த்து வழி பழகிக்கொண்டு, ஞாயிறு முழுநாளும் இருக்கலாம். குழுக்கள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட நாள், வெவ்வேறு மேடைகளில் வாசிப்பதால் ஒரு நாள் தவறவிட்டதை மறுநாள் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

சிகாகோவிலிருந்து மில்வாக்கிக்குச் சுமார் 90 மைல். ஆம்ட்ராக்கின் ஹையாவாதா ரயில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். மில்வாக்கி ரயில் நிலையத்திலிருந்து விழாத் திடல் சுமார் ஒரு மைல் தூரம், மூன்றாம் வார்டு என்ற பகுதி வழியே நடந்தே போய்விடலாம். நிலையத்துக்கு அருகிலிருந்து ‘தி ஹாப்’ டிராம் கட்டணம் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: சிகாகோவுக்குத் திரும்பும் கடைசி ரயில் இரவு நிகழ்ச்சிகள் முடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடும். இரவு வரை இருக்க நினைத்தால் தங்குமிடத்தை முன்பே பாருங்கள். விழா வாரத்தில் நகர மையத்தில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறியிருக்கும்.

காரில் வருகிறவர்கள் திடலுக்கு மிக அருகில் நிறுத்த ஆசைப்பட வேண்டாம். நகர மையத்தில் தள்ளி நிறுத்தி நடந்து வந்தால், இரவில் வெளியேறும்போது நெரிசலில் சிக்காமல் போகலாம்.

உடை விஷயத்தில் பச்சை கட்டாயமில்லை. வசதியான செருப்போ ஷூவோதான் முக்கியம். திடல் ஏரிக்கரையோரம் நீண்டு கிடக்கிறது, சுமார் 75 ஏக்கர். பகலில் வெயில் அடித்தாலும் மாலையில் ஏரிக்காற்று சில்லென்று வீசும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். ஆகஸ்டில் திடீர் இடிமழையும் வரும்.

நடந்து வரும் மண்ணைப் பற்றிக் கொஞ்சம்

மூன்றாம் வார்டு இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் அது மில்வாக்கியின் ஐரிஷ் குடியேறிகள் நெருக்கி வாழ்ந்த இடம். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்களாவது நாட்டை விட்டு வெளியேறினார்கள். துறைமுக வேலை, ரயில் வேலை என்று கிடைத்ததைச் செய்து பிழைத்த குடும்பங்கள் இங்கே இருந்தன.

1860 செப்டம்பரில், சிகாகோவுக்கு உல்லாசப் பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ‘லேடி எல்ஜின்’ என்ற நீராவிக் கப்பல் இரவில் இன்னொரு கப்பலோடு மோதி மிச்சிகன் ஏரியில் மூழ்கியது. இறந்தவர்கள் சுமார் 300 பேர். அவர்களில் மிகப் பலர் இந்த வார்டின் ஐரிஷ்காரர்கள். அதிலிருந்து மீண்டு வந்த வார்டை 1892 அக்டோபரில் ஒரு பெருந்தீ தின்றது. 440 கட்டடங்கள் சாம்பலாயின, ஏறக்குறைய 1,900 பேர் வீடிழந்தார்கள். ஐரிஷ் குடும்பங்கள் நகரத்தின் மற்றப் பகுதிகளுக்குச் சிதறிப்போக, அந்த இடத்துக்கு இத்தாலியர்கள் வந்தார்கள்.

விழாத் திடல் அந்த வார்டை ஒட்டித்தான் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தால் லேடி எல்ஜின் நினைவுப் பலகையையும் தேடிப் பாருங்கள். திடலுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் சிறு விமான ஓடுதளமாகவும், பிறகு ராணுவத்தின் நைக்கி ஏவுகணைத் தளமாகவும் இருந்த நிலம் அது. 1960 முதல் 1988 வரை மேயராக இருந்த ஹென்றி மையர், ஜெர்மனியின் மியூனிக் அக்டோபர் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்து, இந்த நகரத்துக்கும் ஒரு பெருவிழா வேண்டும் என்று 1968-இல் சம்மர்ஃபெஸ்டைத் தொடங்கினார். அதன் திடலே பின்னால் ஒவ்வொரு சமூகத்தின் விழாவுக்கும் இடம் கொடுத்தது. 1978-இல் இத்தாலியர்கள் ஆரம்பித்தார்கள், 1981-இல் ஐரிஷ்காரர்கள்.

உள்ளே போனதும்

நிகழ்ச்சி நிரலை எடுத்து முதலில் பெரிய மேடைகளின் பெயர்களை ஒதுக்கி வையுங்கள். செஷன், ஹார்ப், தனிப்பாடல், கேய்லி, பட்டறை, உரை ஆகிய சொற்கள் எங்கே வருகின்றன என்று பார்த்துக் குறியுங்கள். அவைதான் அன்றைய நாளின் தூண்கள். நடுவில் விழும் இடைவெளிகளைப் பெரிய மேடைகளால் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு நாளில் நான்கைந்து நிகழ்ச்சியை முழுதாகக் கேட்பது போதும். பத்து நிமிடம் இங்கே, பத்து நிமிடம் அங்கே என்று ஓடினால் எதுவும் மனசில் நிற்காது.

பண்பாட்டுப் பகுதிக்குப் பகலிலேயே போய்விடுங்கள். மாலையில் இசை மேடைகளின் சத்தம் ஏறிவிடும், அங்கே பேசுபவர்களைக் கேட்பது சிரமம். வரலாறு, மொழி, இசை பற்றிய உரைகள் நடக்கும் இடத்துக்கு ஹெட்ஜ் ஸ்கூல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது என்று ஆங்கிலேய ஆட்சி சட்டம் போட்டிருந்தபோது, ஊர்ப்புறங்களில் மறைவாக நடந்த பள்ளிகளின் பெயர் அது. வம்சாவளி தேடும் கூடாரமும் இருக்கும். ஐரிஷ் வம்சத்தவர் அல்லாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். பாட்டியின் பெயரையும் ஒரு கிராமத்தின் பெயரையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பழைய தேவாலயப் பதிவேடுகளிலிருந்து எப்படி வழி காட்டுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

வார்டு ஐரிஷ் இசை ஆவணக் காப்பகத்தின் (இந்த வார்டு நகரப் பகுதி அல்ல, குடும்பப் பெயர்) காட்சிப் பகுதி இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். விழாவை நடத்தும் அமைப்பு 1992-இல் தொடங்கிய காப்பகம் இது. அதன் பொக்கிஷம் டன் குடும்பத்துத் தொகுப்பு: 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான மெழுகு உருளைகள். அவை பிரான்சிஸ் ஓ’நீலின் சேகரிப்போடு தொடர்புடையவை. ஓ’நீல் 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்தவர். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய காவலர்களிடமும் தொழிலாளிகளிடமும் மெட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். 1907-இல் 1,001 நடன மெட்டுகளுக்குத் தனித் தொகுப்பு. இன்று செஷனில் வாசிக்கும் எத்தனையோ மெட்டுகள் அந்தப் பக்கங்கள் வழியாகப் பிழைத்து வந்தவை. அந்த உருளைகளில் பேட்ஸி டூஹி போன்ற அக்காலப் பைப்ஸ் கலைஞர்களின் வாசிப்பு கரகரப்புக்கு நடுவே இன்னும் கேட்கிறது.

ஏரியை ஒட்டிய நீர்ப்பரப்பில் கரக் என்ற படகுப் போட்டி நடக்கும். மெல்லிய மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய துணி போர்த்திய படகு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மீன்பிடிக்கப் பயன்பட்டது. ஹர்லிங் ஆட்டமும் பாருங்கள். ஆஷ் மரத்தில் செய்த மட்டையால் சிறு பந்தை ஆகாயத்திலேயே அடித்து ஓடும் ஆட்டம், அதன் வேகம் நேரில் பார்த்தால்தான் புரியும். மில்வாக்கிக்கென்றே பெரிய ஹர்லிங் சங்கம் இருக்கிறது, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவார்கள்.

செஷனில் எப்படி நடந்துகொள்வது

இது கச்சேரி இல்லை. மேடை, அறிமுகம், நிரல் எதுவும் கிடையாது. ஒருவர் ஒரு மெட்டை எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேட்பார்கள். பல வருடம் வாசித்தவர்கள்கூடத் தெரியாத மெட்டு வந்தால் சும்மா இருப்பார்கள். அந்த அடக்கம்தான் அந்த வட்டத்தைக் கட்டிக் காக்கிறது.

கேட்கப் போகிறவர்கள் வட்டத்துக்குள் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள். அது யாரோ ஒரு வாசிப்பவருக்காக இருக்கும். வட்டத்துக்கு வெளியே, எல்லோருடைய விரலும் தெரியும் இடமாகப் பார்த்து அமருங்கள். மெட்டு நடக்கும்போது கையைத் தட்டித் தாளம் போடாதீர்கள். ஐம்பது பேர் தட்டினால் வேகம் இழுபடும், வாசிப்பவர்களுக்கு ஒருவரையொருவர் கேட்காது. தொடையில் மெதுவாகத் தட்டிக்கொள்ளலாம், ‘தகிட’ எண்ணிக்கொள்ளலாம். செட் முடிந்ததும் ஒரு வார்த்தை பாராட்டுங்கள். செல்பேசியில் பதிவு செய்யுமுன் கேட்டுவிடுங்கள். சினிமாவில் கேட்ட ஐரிஷ் பாட்டை வாசிக்கச் சொல்லி நேயர் விருப்பம் அனுப்ப வேண்டாம்.

பேச்சு நடந்துகொண்டே இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தாலோ, ஏர் என்ற மெதுவான மெட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினாலோ வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஷான் நோஸ் என்ற பழைய பாணிப் பாட்டில் பக்கவாத்தியம் இராது. தாளக்கட்டும் கிடையாது. ஐரிஷ் மொழியில், ஒரே குரல், வரிக்கு வரி அலங்காரத்தை மாற்றிக்கொண்டே போகும். விருத்தம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மொழி புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள். நான்கு நாள் நிரலில் உங்களுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சிதான் வாய்க்கும் என்றால் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

வாத்தியம் கொண்டுபோகிறவர்களுக்கு: திறந்த செஷனா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பௌரான் வைத்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை. வட்டத்தில் ஏற்கெனவே ஒருவர் அதை வாசித்துக்கொண்டிருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டும். கிதாருக்கும் அதே வழக்கம். கர்நாடக வயலின் கற்ற பிள்ளைகள் ஒரு மெட்டைக் கேட்டே பிடித்துவிடுவார்கள், அந்தக் கேள்வி ஞானம் இங்கே பெரிய சொத்து. ஆனால் தெரியாத மெட்டின் மேல் மனோதர்மமாக வாசிப்பது இங்கே வழக்கமில்லை, தவறாக எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாக விழாவுக்கு முந்தைய வாரத்தில் கோடைப் பள்ளி ஒன்று நடக்கும். விசில், ஃபிடில், நடனம், மொழி என்று வகுப்புகள் இருக்கும். குழந்தைகளுக்கு ஆர்வம் இருந்தால் அதில் சேர்த்துவிட்டு, பிறகு விழாவுக்குக் கூட்டிப்போவதே நல்ல வரிசை.

ஆட்டம்

மேடையில் கையைப் பக்கவாட்டில் விறைப்பாக வைத்து, காலால் மட்டும் பேசும் நடனத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மென்செருப்பு ஆட்டம் ஒன்று, தரையில் சடசடவென்று தாளம் எழுப்பும் வன்செருப்பு ஆட்டம் ஒன்று. மில்வாக்கியிலும் சிகாகோவிலும் வேரூன்றிய ட்ரினிடி நடனக் குழு இதில் பேர்பெற்றது. பரதத்தில் ஜதிக்குக் கால் வைத்துப் பழகியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தச் செருப்புச் சத்தத்தை மட்டும் கண்ணை மூடிக் கேளுங்கள்.

பார்ப்பதோடு நிறுத்தாமல் கேய்லி நடக்கும் தரைக்கும் போங்கள். ஒருவர் ஒலிபெருக்கியில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வரிசையாக எதிரெதிரே நிற்போம், மூன்று அடி முன்னால், மூன்று அடி பின்னால், கை மாற்று, சுற்று, அடுத்த ஜோடிக்கு நகரு. இரண்டு சுற்றில் பழகிவிடும். தப்பு செய்தால் எதிரே நிற்கும் பாட்டியே தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிடுவார். ஜோடி இல்லாமல் தனியாக வந்தவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை. மீனும் சிப்ஸும், உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, ஆட்டுக்கறிக் குழம்பு என்று நிறைய. பிளாக் புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று வாங்கிவிட வேண்டாம். பன்றி ரத்தம் சேர்த்த தொத்திறைச்சி அது. சைவர்கள் சோடா ரொட்டி, ஸ்கோன், உருளைக்கிழங்கு வகைகளைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். முட்டைக்கோஸ் சேர்த்த உருளைக்கிழங்கு மசியலில் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருக்கிறார்களா? சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்தார்களா? சோடா ரொட்டி ஈஸ்ட் இல்லாமல் மோரும் சோடா உப்பும் சேர்த்துச் சுடுவது, வெண்ணெய் தடவிச் சூடாகச் சாப்பிட்டால் ஒரு வேளைக்குத் தாங்கும். ஸ்டவுட் பீர் எங்கும் கிடைக்கும், 21 வயது நிரம்பியதற்கான அடையாள அட்டை வேண்டும். ஐரிஷ்காரர்களையும் குடியையும் சேர்த்து ஜோக் அடிக்கும் பழக்கம் அமெரிக்காவில் உண்டு. அங்கே போய் அதைச் செய்யாதீர்கள், பலருக்கு அது வலிக்கிற விஷயம். அயர்லாந்தை இங்கிலாந்தின் ஒரு பகுதி போலப் பேசுவதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலையில் திடலிலேயே திருப்பலி நடக்கும். அமைதிக்கும் நீதிக்குமான வழிபாடு என்று பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். கெட்டுப்போகாத உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்து உள்ளே வரும் வழக்கம் அதனோடு சேர்ந்தது. பசித்தவர்களுக்கு அது போய்ச் சேர்கிறது. பஞ்சத்தால் சிதறிய ஒரு சமூகம் தன் திருவிழா நாளை இப்படித் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் போகலாம், ஹார்ப்பும் விசிலும் சேர்ந்த பாடல்களுக்காகவே போகலாம். அந்த ஆண்டுக்கான நேரத்தையும் நிபந்தனையையும் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு விழாவை முடித்து வைப்பது ‘தி ஸ்கேட்டரிங்’. நான்கு நாளும் வெவ்வேறு மேடைகளில் வாசித்தவர்கள் ஒரே மேடையில் ஏறிக் கூட்டாக வாசிப்பார்கள். அயர்லாந்திலிருந்து வந்தவர், கனடாவின் கேப் பிரெட்டனிலிருந்து வந்தவர், மில்வாக்கியில் பிறந்தவர் எல்லோரும் ஒரே ரீலில் சேர்வார்கள். மேடை நிரம்பி வழியும். முன்னால் இடம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நிகழ்ச்சியின் போதே போய் உட்கார்ந்துவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஓரமாக, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஒலிபெருக்கிகளிலிருந்தும் தள்ளி இருங்கள், சிறுவர்களுக்குக் காதுறை கொண்டுபோங்கள்.

திரும்பி வந்தபின்

பிடித்த குழுவின் இசைத்தட்டை அவர்களுடைய மேசையிலேயே வாங்குங்கள், பணம் நேராக வாசித்தவர் கைக்குப் போகும். வாசித்த மெட்டின் பெயர் தெரிய வேண்டுமென்றால் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ‘தி செஷன்’ இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஸ்வரக் குறிப்பு கிடைத்துவிடும். ஒரே மெட்டுக்கு நான்கு பெயர் இருப்பதும், ஒரே பெயரில் மூன்று மெட்டு இருப்பதும் அங்கே சகஜம்.

டி சுருதியில் ஒரு டின் விசில் வாங்கி, விழாவில் கேட்டவற்றில் ஒரு ஜிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டைப் பார்க்காமல், கேட்டே பழகுங்கள். ஐரிஷ் இசைக் கூட்டமைப்பான கோல்தஸின் கிளைகள் அமெரிக்காவின் பல நகரங்களில் இருக்கின்றன. புதியவர்களுக்காக வேகம் குறைத்து வாசிக்கும் ‘ஸ்லோ செஷன்’ பல ஊர்களில் நடக்கிறது. சிகாகோ பக்கம் இருப்பவர்கள் ஐரிஷ் அமெரிக்கப் பாரம்பரிய மையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். மில்வாக்கியை ஒட்டிய வாவடோசாவில் உள்ள வார்டு காப்பகத்துக்கு, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போனால், விழாக் கூட்டத்தில் அவசரமாகப் பார்த்ததை நிதானமாக உட்கார்ந்து கேட்கலாம்.